ரத்தத்தில் வைரஸ் இல்லை, நுரையீரலில் 4,200: எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

திருமங்கலத்தான்:
அப்பாவுக்குச் சென்னையில் நுரையீரல் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் லேசாக இருமல், உடனே பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) பண்ணி, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) எவ்வளவு என்று பிசிஆர் டெஸ்ட் பார்த்தார்கள். மில்லிக்கு 4,200 ஐயூ (வைரஸ் அளவைச் சொல்லும் சர்வதேச அலகு). ஆனால் அதே வாரம் மதுரையில் கொடுத்த ரத்தத்தில் வைரஸே இல்லை என்று வந்திருக்கிறது. எந்த லேப் தப்பு?

கூடல்நகர் லேப்காரன்:
இரண்டுமே சரியாக இருக்கலாம் தம்பி. வைரஸ் நுரையீரலுக்குள் மட்டும் பெருகினால் ரத்தத்தில் தெரியாமல் போவது உண்டு. அப்புறம் அந்த 4,200-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சலைனை 100 மில்லிக்கு மேல் உள்ளே விட்டு உறிஞ்சுவார்கள், பாதி திரும்பி வந்தாலே நல்லது, வைரஸ் எந்த அளவுக்கு நீர்த்துப்போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கச் சில இடங்களில் யூரியாவை ரத்தத்திலும் கழுவி எடுத்த நீரிலும் அளந்து கணக்குப் போடுவார்கள், எல்லா லேபிலும் இல்லை. இத்தனைக்கு மேல் போனால் நிமோனியா என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட எண்ணும் கிடையாது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் பொது அளவுத் தரம் கொண்டுவந்ததால்தான் இந்த ஐயூவே வந்தது, அப்படியும் லேபுக்கு லேப் மாறும். ஒரே லேபில் மூன்று மடங்காவது ஏறினால்தான் ஏற்றம்.

உசிலம்பட்டி செல்வி:
அந்த மூன்று மடங்கு விஷயம் தெரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் 900 இருந்தது, பத்து நாளில் 2,000. பார்த்தால் முதலில் எடுத்தது பிளாஸ்மா (அணுக்களை நீக்கிய ரத்தநீர்), அடுத்தது வேறு லேபில் முழு ரத்தம், அதில் பொதுவாகவே கூடத்தான் காட்டுமாம்! நுரையீரலிலிருந்து திசு எடுத்தார்களா என்று கேளுங்கள் தம்பி. ஆந்தைக்கண் மாதிரி வீங்கிய செல் தெரிந்தால்தான் வைரஸ் திசுவைக் கெடுக்கிறது என்று உறுதியாகும் என்றார் எங்கள் டாக்டர். இந்த வைரஸுக்குக் கொடுக்கும் வால்கான்சிக்ளோவிர் மருந்தை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், இவருக்கு அதில் வெள்ளை அணு சரசரவென்று இறங்கிவிட்டது.

திருமங்கலத்தான்:
நன்றி அண்ணே, அக்கா. இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன், 120 மில்லி விட்டு 45 தான் திரும்பியிருக்கிறது. திசுவும் எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட் திங்கள்கிழமை. ஞாயிறு வைகையில் டிக்கெட் போட்டுவிட்டேன், இனி ரத்தமும் சென்னையிலேயே கொடுத்துவிடுகிறோம்.