ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போட்டு 3 வாரம், இன்னும் பழகவில்லை

வயது 47. முதல் முறையாக ப்ரோக்ரெசிவ் லென்ஸ் (ஒரே லென்ஸில் மேலே தூரம், நடுவில் திரை, கீழே படிக்க என்று பவர் மாறிக்கொண்டே வருவது). தூரம் தெளிவு, செல்போன் எழுத்தும் சரி. கம்ப்யூட்டர் திரைதான் வதைக்கிறது. தாடையைத் தூக்கினால்தான் எழுத்து தெரிகிறது. சாயங்காலத்துக்குள் பின்கழுத்து பிடித்துக்கொள்கிறது. படி இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் துழாவுகிறேன். பக்கவாட்டில் பார்த்தால் கதவு நிலை வளைகிறது.

பவர்: வலது -1.25, இடது -1.50, சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்) இல்லை, படிக்க அடிஷன் (கூடுதல் பவர்) +1.75. ஃப்ரேம் ஒடுக்கமானது, லென்ஸ் உயரம் 28 மி.மீ.தான் (அழகுக்கு ஆசைப்பட்டது என் தப்பு).

கடையில் மறுபடி சோதித்தார்கள், அதே பவர். லென்ஸை மெஷினில் வைத்தும் பார்த்தாயிற்று, எழுதிக் கொடுத்தபடியே இருக்கிறது. மூக்குத் தாங்கியை நெருக்கி ஃப்ரேமை ஏற்றியதும் திரை கொஞ்சம் தேவலை, ஆனால் தூரம் மங்கியது. அப்புறம் பழைய நிலைக்கே இறக்கிவிட்டோம். கண் டாக்டர் விழித்திரை, கண் அழுத்தம் இரண்டும் நார்மல் என்றார். பழைய தூரப்பார்வைக் கண்ணாடியில் படியில் தடுமாற்றமே இல்லை.

கடைக்காரர் "இன்னும் 2 வாரம் போடுங்க, பழகிடும்" என்கிறார்.

ப்ரோக்ரெசிவ் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இன்னும் பொறுக்கலாமா, இல்லை கருவிழி உயரத்தை (லென்ஸில் கருவிழி எந்த உயரத்தில் வருகிறது என்பதை) மறுபடி அளந்து உயரமான ஃப்ரேமில் புது லென்ஸ் கேட்கலாமா?