செபத்தில் வறட்சி: இது ‘இருண்ட இரவா’, வெறும் ஆர்வக் குறைவா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக விடியற்காலையில் அரைமணி நேரம் நற்செய்திப் பகுதி ஒன்றை வாசித்துத் தியானித்து வருகிறேன். கடந்த ஓராண்டாக அதில் சுவையே இல்லை. கலிலேயக் கடலையும் படகையும் மனக்கண்ணில் கொண்டுவர முயன்றாலும் எதுவும் நிலைப்பதில்லை. கண்ணை மூடினால் சுவர்க்கடிகாரத்தின் ஓசைதான் கேட்கிறது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி புனித சிலுவை யோவான் எழுதிய ‘இருண்ட இரவு’, அதாவது ஆன்மாவைத் தூய்மைப்படுத்த இறைவன் அனுமதிக்கும் வறட்சிக் காலம், இதுதான் என்கிறார் ஒரு நண்பர். உமக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறார் இன்னொருவர். ஆன்மப் பயணத்தில் நான் முன்னே போகிறேனா, பின்னே சரிகிறேனா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 1:
இரண்டு நண்பர்களுமே சற்று அவசரப்பட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வேலை போனாலும் உறவு முறிந்தாலும் ‘இருண்ட இரவு’ என்று சொல்லும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. யோவான் அந்தச் சொல்லை அவ்வளவு தாராளமாகச் செலவழிக்கவில்லை. 1577 டிசம்பரிலிருந்து 1578 ஆகஸ்ட் வரை, தம் சபைத் துறவிகளாலேயே ஸ்பெயினின் தொலேதோ நகரில் ஓர் இருட்டறையில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். ஆயினும் அவர் விளக்கும் இரவு அந்தச் சிறையனுபவத்தின் கதை அன்று, இறைவன் ஆன்மாவிடம் செய்யும் ஒரு வேலை.

புலன்களின் இரவை, அதாவது செபத்தில் புலன்கள் கண்ட இன்பம் வற்றிப்போகும் முதல் கட்டத்தை, அடையாளம் காண அவர் மூன்று குறிகளைத் தருகிறார். இறைக்காரியங்களில் சுவை அற்றுப்போனதுபோலவே உலகப் பொருள்களிலும் சுவை அற்றுப்போயிருக்க வேண்டும். செபம் கசந்து, கைபேசி மட்டும் இனித்தால் அது இரவு ஆகாது. அடுத்து, இறைவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆர்வம் ஆறி வெதுவெதுப்பாகிவிட்ட மனத்துக்கு அந்தக் கவலையே எழாது. மூன்றாவது, எவ்வளவு முயன்றாலும் கற்பனையைக் கொண்டு தியானிக்க முடியாமற்போவது. உங்களிடம் மூன்றாவது தெளிவாக இருக்கிறது. இரண்டாவதன் சாயல் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. முதலாவதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, பாலை மறக்கடித்து, சொந்தக் காலில் நடக்கவிடும் தாயை அவர் உவமையாகக் காட்டுகிறார். இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு அது கைவிடப்பட்டதாகத்தான் தோன்றும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ‘முன்னே, பின்னே’ என்ற கணக்கையே கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். யோவானின் காலத்தவரான ஸ்பானியத் துறவி அவிலா புனித தெரேசா 1577-இல் எழுதிய நூலில் ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாகக் காண்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பவை அல்ல என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது ஒரு பனைவகையின் குருத்து: உண்ணக்கூடிய பகுதி நடுவில் இருக்க, அதைச் சுற்றிப் பல உறைகள் மூடியிருக்கும். நுங்கும் குருத்தும் உரித்துத் தின்று வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனாலும் நாம் அந்தக் கோட்டையை மாடிப்படியாகவே படித்துக்கொண்டிருக்கிறோம்.

கடிகார ஓசை என்று எழுதியிருந்தீர்கள். சில ஆண்டுகளாகத் தமக்குச் செபத்தில் நிலைத்திருக்கும் ஆசையைவிட, மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததே அதிகம் என்று தெரேசாவே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். அதே நூலில் செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதாக விளக்குகிறார். முதலில் கிணற்றில் வாளியால் இறைக்க வேண்டும், பிறகு சட்டிகள் கோத்த சக்கரத்தைச் சுற்றி இறைக்கலாம், பிறகு ஓடை வந்து பாயும், கடைசியில் மழை பெய்யும்போது தோட்டக்காரருக்கு வேலையே இல்லை. முதல் நிலையிலேயே பலமுறை வாளி வெறுமையாக மேலே வரும் என்கிறார். அப்போதும் கயிற்றை விடாமல் நிற்பவருடைய செடிகளைத் தண்ணீர் இல்லாமலே காப்பாற்ற இறைவனுக்குத் தெரியும் என்பது அவருடைய உறுதி.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதல் குறியைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், கொஞ்ச காலமாகச் சாப்பாடு, பாட்டு எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை; தூக்கமும் சரியில்லை. அப்படியானால் இரவு என்று உறுதிசெய்துகொள்ளலாமா? வாசிப்பையும் விட்டுவிட வேண்டுமா?

மறுமொழி 1:
இங்கேதான் கவனம் வேண்டும். எதிலும் சுவையில்லாமை உடல் நோயாலும் மனச்சோர்வாலும் வரக்கூடும் என்று யோவானே அந்தப் பகுதியில் எச்சரிக்கிறார்; அதனால்தான் ஒரு குறியோடு நிறுத்தாமல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். தூக்கம் கெட்டிருப்பதால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆன்ம வழிகாட்டியிடம் அதன் பிறகு போனாலும் தாமதமில்லை; இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

வாசிப்பைப் பொறுத்தவரை, ஓவியர், ஒருவருடைய முகத்தை வரையும்போது அமர்ந்திருப்பவர் ஏதாவது செய்ய வேண்டுமே என்று அசைந்துகொண்டே இருந்தால் படம் கெட்டுவிடும் என்று யோவான் சொல்வதை நினைவில் வையுங்கள். அதற்காகத் தியானத்தை ஒரேயடியாகத் துறக்கும்படியும் அவர் சொல்வதில்லை. முடிகிற நாளில் திரும்பிவரலாம். நாளை காலை நற்செய்தியைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு வரி மனத்தில் தங்கினால் அதிலேயே இருங்கள். தங்காவிட்டால் நூலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அரைமணி நேரமும் அப்படியே அமர்ந்திருங்கள்.