நாலு நாளா ஒரு டம்ளர்

குழு: தங்கச்சிமடம் சொந்தங்க

துபாய் அண்ணன், இரவு 8:12
(பலமுறை பார்வர்டு ஆனது) நித்தியகல்யாணி இலையும் பூவும் பறிச்சு சுண்டக்காய்ச்சி வெறும் வயித்துல குடிச்சா புற்றுநோய் வேற உறுப்புக்கு பரவவே பரவாது. ஆராய்ச்சியில் நிரூபணம். எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க.

துபாய் அண்ணன், 8:13
அம்மாவுக்கு இத குடுக்கலாமா, தெரிஞ்சவுக சொல்லுங்க. நம்ம கெணத்தடியிலயே மண்டிக் கெடக்குதே

மண்டபம் சித்தப்பா, 8:20
அது கேன்சருக்கு மருந்துங்கிறது உண்மதான்ப்பா. நம்ம மாவட்டத்துலயே மானாவாரியா போட்டு ஏவாரிக்கு வேரும் இலையும் குடுத்திருக்காக, மருந்துக்குத்தான் வெளிநாடு போகுதும்பாக. குடிச்சா என்ன கெட்டுறப் போகுது

பாம்பன் அயித்த, 8:24
மதினி ஏற்கனவே குடிக்கிறாகளேப்பா. நேத்து மீன் குடுக்கப் போனேன், அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு

மதுரை பாப்பா, 8:25
என்னது

மதுரை பாப்பா, 8:25
பெரியம்மா நெசமாவா? எத்தன நாளா?

பெரியம்மா, 8:31
ஆமாத்தா நாலு நாளா காலையில ஒரு டம்ளர். கசப்பு தாங்கல, கருப்பட்டி கடிச்சுக்குவேன். எதிர்வீட்டு போன்லயும் இதேதான் வந்துச்சு. மார்ல எடுத்தாச்சு, இனி நுரையீரல் எலும்புன்னு போயிரக் கூடாதேங்கிற பயந்தான்

மதுரை பாப்பா, 8:33
நாளைக்கு குடிக்காதீங்க பெரியம்மா. கை கால் எப்பிடி இருக்கு?

பெரியம்மா, 8:36
பாதம் மதமதன்னு இருக்கு. முந்தி விரல் நுனியில மட்டும் எறும்பு ஊர்றாப்புல இருந்துச்சு, இப்ப கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு. நேத்து கடையில இருந்து வாறேன், வாசல்ல வந்து குனிஞ்சு பாத்தா ஒரு கால்ல செருப்பு இல்ல. கழண்டதே தெரியலத்தா

மதுரை பாப்பா, 8:47
எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. சித்தப்பா சொன்னது சரிதான், அந்தச் செடியில மருந்து இருக்கு, இருக்கிறதாலதான் எனக்கு பயமே. 1952ல ஜமைக்காவுல இருந்து ஒரு ஆளு இந்த இலைய கவர்ல போட்டு கனடாவுல ஒரு டாக்டருக்கு அனுப்புறாரு, எங்க ஊர்ல சுகருக்கு இத காய்ச்சிக் குடிக்கிறாகன்னு. அந்த டாக்டரோட தம்பி ராபர்ட் நோபிள் எலிக்கு குடுத்துப் பாத்தா சுகர் எறங்கல, ரத்தத்துல வெள்ளை அணு எறங்கிப் போச்சு. அதப் பிடிச்சுக்கிட்டு போயித்தான் 1958ல அவரும் கூட வேல பாத்த சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின்ங்கிற கேன்சர் மருந்த கண்டுபிடிச்சாக, அதுக்கு அடுத்து வந்த வின்கிரிஸ்டின்தான் பிள்ளைகளுக்கு வர்ற ரத்தப் புத்துநோய்க்கு இன்னைக்கும் ஏத்துறாக. டன் கணக்குல காஞ்ச இலைய போட்டா கிராம் கணக்குலதான் அது கிடைக்கும், அதையும் ஆளோட உயரம் எடை எல்லாம் கணக்குப் பாத்து மில்லிகிராமுலதான் குடுப்பாக, அப்பிடிக் குடுத்தும் வின்கிரிஸ்டின் நரம்பப் பிடிக்குது

மதுரை பாப்பா, 8:49
பெரியம்மாவுக்கு வாராவாரம் ஏறுற பாக்லிடாக்சலும் நரம்பப் பிடிக்கிற மருந்துதான், அதுவும் வெள்ளை அணுவ எறக்கும். ரெண்டும் ஒரே எடத்துல அடிக்குது. கஷாயத்துல எம்புட்டு எறங்குச்சு, ஒடம்புல எம்புட்டு ஏறுச்சுன்னு அளந்து சொல்ல ஆளே கெடையாது

துபாய் அண்ணன், 8:55
நான் இப்பத்தான் அனுப்புனேன், அதுக்குள்ள அம்மா நாலு நாள் குடிச்சிருக்கு. இங்க உக்காந்துக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியலயேன்னு ராத்திரி பூரா இதையே தேடிப் படிக்கிறேன் பாப்பா. இயற்கையில மருந்து இருக்கயில கெமிக்கல ஏத்துறாகளேன்னு ஒரு ஆத்தாமை

மதுரை பாப்பா, 9:02
அண்ணே அம்மாவுக்கு ஏறுற டிரிப்ஸே மரத்துல இருந்து வந்ததுதான். பசிபிக் யூன்னு அமெரிக்காவுல ஒரு மரம், அதோட பட்டைய 1962ல வெட்டிக் கொண்டாந்தாக, உள்ள இருக்கிற பொருளு இன்னதுன்னு மன்சுக் வானி, மன்ரோ வால்னு ரெண்டு விஞ்ஞானிக சொல்ல 1971 ஆச்சு, ஆஸ்பத்திரியில குடுக்க அனுமதி கிடைச்சது 1992ல. முப்பது வருசம்ணே. தண்ணியில கரையாத மருந்து அது, கஷாயம் வச்சு எடுக்க முடியாது. ஆமணக்கெண்ணெயில இருந்து செய்ற ஒரு பொருள்ல கரைச்சுத்தான் ஏத்துறாக, அது சிலருக்கு அலர்ஜி ஆகும்னுதான் டிரிப்ஸுக்கு முந்தி தனியா ஊசி போடுறது

பாம்பன் அயித்த, 9:06
பரவுறதுங்கிறது நம்ம கடல்ல கட்டி வளக்கிற கப்பா பாசி மாதிரியாத்தா? மிதவையில கட்டுனது துண்டு ஒடிஞ்சு நீவாட்டுல போயி குருசடைத் தீவு பவளப்பாறையில ஒட்டி மூடுச்சே

மதுரை பாப்பா, 9:09
அதேதான் அயித்த, இத விட நல்லா என்னால சொல்ல முடியாது. ஒடியணும், ரத்தத்துல மெதக்கணும், போற எடத்துல ஒட்டணும், அங்க வளரணும். எல்லாத் துண்டும் எல்லா எடத்துலயும் ஒட்டாது. விதை மட்டும் பத்தாது மண்ணும் ஒத்து வரணும்னு 1889லயே ஸ்டீபன் பேஜட்னு ஒரு டாக்டர் எழுதியிருக்காரு, அவரு பாத்ததும் மார்புப் புத்துநோய்தான்

மண்டபம் சித்தப்பா, 9:11
அப்ப ஆராய்ச்சியில நிரூபணம்னு போட்டிருக்கிறது பொய்யா?

மதுரை பாப்பா, 9:20
முழுப் பொய் இல்ல சித்தப்பா. பிளாஸ்டிக் தட்டுல கேன்சர் செல்ல பாய் விரிச்சாப்புல வளத்து, நடுவுல பிப்பெட்ங்கிற சொட்டுக்குழாய் நுனியால ஒரு கோடு கிழிப்போம். மறுநாள் மைக்ராஸ்கோப்புல பாத்தா ரெண்டு கரையில இருந்தும் செல்லு ஊர்ந்து வந்து கோட மூடிக்கிட்டு இருக்கும். செடிச் சாறு ஊத்துன தட்டுல கோடு மூடாம கெடந்தா பரவுறத தடுக்குதுன்னு எழுதுவாக. மஞ்சள்ல இருக்கிற குர்குமின், கட்டக்கோரைப் பாசியில இருக்கிற பியூகாய்டன்னு நெறைய பாத்திருக்காக, அது வேணும், அங்கிட்டு இருந்துதான் நாளைக்கு மருந்து வரும். காலேஜ்ல என் தட்டுல மொத தடவ கோடு மூடாம கெடந்தப்ப எனக்கு தல கால் புரியல. மேடம் வந்து செல்லு உயிரோட இருக்கான்னு பாத்தியாம்மான்னு கேட்டாக. சாயம் போட்டுப் பாத்தா பாதி செத்துக் கெடக்கு. செத்தது எப்பிடி ஊரும்? கூடுதலா ஊத்துனா உப்புத்தண்ணி கூட அதத்தான் செய்யும்

மதுரை பாப்பா, 9:22
அதுவும் தட்டுல நேரா செல்லு மேல ஊத்துறது. குர்குமின வாயால சாப்பிட்டா குடலும் ஈரலும் சேந்து பெரும்பகுதிய மாத்தி வெளிய தள்ளிரும், ரத்தத்துல ஏறுறது ரொம்பக் கொஞ்சம். மஞ்சள கொழம்புல எப்பவும் போல போடுங்க பெரியம்மா, மாத்திரையா மட்டும் டாக்டர கேக்காம வேணாம்

பெரியம்மா, 9:27
டாக்டர்ட்ட கஷாயம் குடிச்சேன்னு சொன்னா திட்டுவாகத்தா. மருந்த நிப்பாட்டிட்டா?

மதுரை பாப்பா, 9:30
திட்டுனா நான் வாங்கிக்கிறேன். சொல்லாம போயி அடுத்த டிரிப்ஸ் ஏறிருச்சுன்னாதான் எனக்கு பயம். காலையிலயே போன் போட்டு சொல்லிருவோம், ரத்தம் எடுத்து வெள்ளை அணு பாப்பாக, நரம்புக்கு அளவ கொறைக்கணுமா தள்ளி வைக்கணுமான்னு அவுக சொல்லட்டும். வெள்ளை அணு கொறஞ்சிருந்தா ஒடம்பு கிருமிய தாங்காது, அதனால இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் 100.4 தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ விடியட்டும்னு இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. தெர்மாமீட்டர் இருக்கா?

பாம்பன் அயித்த, 9:32
என்கிட்ட இருக்கு. ராத்திரி நான் மதினி கூட படுத்துக்கிறேன்

மண்டபம் சித்தப்பா, 9:33
காலையில ஆறு மணிக்கு காரோட வாறேன். ஆஸ்பத்திரி ஃபைல எல்லாம் எடுத்து வைங்க மதினி

பெரியம்மா, 9:35
சட்டியில கொஞ்சம் மிச்சம் இருக்கு, கீழ ஊத்திரவா

மதுரை பாப்பா, 9:36
வேணாம், பாட்டில்ல ஊத்தி பேர் எழுதி பிள்ளைக கை படாம வைங்க. செடியிலயும் ஒரு கொப்பு ஒடிச்சு எடுத்துட்டு வாங்க, டாக்டருக்கு காமிப்போம். நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்

துபாய் அண்ணன், 9:38
நான் அனுப்புனத அழிச்சுட்டேன். வேற மூணு குரூப்புலயும் போட்டிருந்தேன், அங்கயும் பாப்பா எழுதுனத போடுறேன்

பாம்பன் அயித்த, 9:41
மதினி, பாசிக்கு போறப்ப நான் போடுற வார் செருப்பு ரெண்டு சோடி இருக்கு. ஒண்ணு கொண்டாறேன், அது கழளாது