வீட்டுப் பொருட்களால் பூ ஓவியம்: எந்த நிறம் நிற்கும், எது வெளுக்கும்?

வண்ணக்கிண்ணம் (கேள்வி):

வணக்கம். 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி. தலைப்பு பூக்கள். கடை கலர் எதுவும் கூடாது, வீட்டிலும் தெருவிலும் கிடைப்பதை வைத்தே வரைய வேண்டும். முடிந்த படங்கள் குறைந்தது இரண்டு மாதமாவது சுவரில் இருக்கும்.

மஞ்சள்தூள், பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ, காபித்தூள், கரி, செங்கல் எல்லாம் கைவசம் உண்டு. சிக்கல்கள் இவை: மஞ்சள் தண்ணீரில் கரையாமல் அடியில் தங்குகிறது, காய்ந்தபின் தட்டினால் உதிர்கிறது. பீட்ரூட் நாலைந்து நாளில் பழுப்பாகிவிடுகிறது. சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் அழகான ஊதா வருகிறது, ஆனால் தாளில் காய்ந்ததும் திரும்ப நீலத்துக்கே போகிறது. ஏ4 தாள் நெளிந்துபோகிறது. மல்லி, முல்லை மாதிரி வெள்ளைப் பூவுக்கு என்ன வழி? பிரஷ்ஷுக்குப் பதில் என்ன?

ஈர்க்குச்சி:

முதலில் கைவசம் உள்ளதை இரண்டாகப் பிரித்து வையுங்கள். கரி, செங்கல், காவி, சுண்ணாம்பு இதெல்லாம் பொடி. கரையாது, வெளுக்காது. பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ, மஞ்சள் இதெல்லாம் சாறு வகை. வெளிச்சம் பட்டால் போய்விடும், வேகம்தான் கூடக்குறைய இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளச் சுவரோவியம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் காரணம் காவியும் கரியும் சுண்ணாம்பும்தான். அங்கே பீட்ரூட் வைத்திருந்தால் ஒரு மாமாங்கம்கூடத் தாங்கியிருக்காது. ஆகவே இரண்டு மாதம் நிற்க வேண்டிய கோடு, நிழல், பூவின் உருவம் எல்லாம் பொடியில். சாறு மேல்பூச்சுக்கு மட்டும்.

செங்கலைப் பொடித்து அப்படியே பூசினால் நறநறவென்று இருக்கும், தாளைக் கீறும். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கைப்பிடி பொடியைக் கலக்கி, அரை நிமிடம் விடுங்கள். மணல் அடியில் இறங்கிவிடும். மேலே இருக்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்த நீரை வடித்துவிட்டால் அடியில் இருப்பது வெண்ணெய் மாதிரி மழமழப்பான செம்மண் நிறம். செம்பருத்தி, முள்முருங்கை இதழ்களுக்கு இதுதான் அடிநிறம். கரிக்கும் இதே முறைதான். கரி முதலில் மிதக்கும், இரண்டு சொட்டு ஷாம்பு விட்டால் நனையும்.

உதிர்வதற்குக் காரணம் பிசின் இல்லாததுதான். கருவேலம் பிசின் 1 பங்கு, வெந்நீர் 2 பங்கு, ராத்திரி ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். நிறக்குழம்பு இரண்டு கரண்டிக்குப் பிசின் நீர் ஒரு கரண்டி என்று ஆரம்பியுங்கள். ஒரு மூலையில் தீற்றி, காய்ந்ததும் விரலால் தேயுங்கள். விரலில் ஒட்டினால் பிசின் போதாது. பளபளத்து வெடித்தால் அதிகம். பிசின் கிடைக்காவிட்டால் ஃபெவிக்கால் 1 பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு. ஆனால் அது காய்ந்தால் திரும்பக் கரையாது, குச்சியை உடனே கழுவ வேண்டும்.

தாள்: 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 தாள் ஈரம் தாங்காது. குறைந்தது 200 வேண்டும். காசில்லாத வழி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் வழவழப்புப் பூச்சு இருக்கிறது, வேண்டாம். உறிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஓரமும் பலகையில் பேப்பர் டேப் ஒட்டி, படம் முழுக்கக் காய்ந்தபின்தான் உரிக்க வேண்டும்.

பிரஷ்ஷுக்கு: வேப்பங்குச்சியை ஒரு மணி நேரம் ஊறவைத்து நுனியை நசுக்கினால் நார் பிரியும், இதழை நிரப்ப அது போதும். மெல்லிய காம்பு, நரம்புக்குத் தென்னை ஈர்க்குச்சியைச் சாய்வாகச் சீவி நுனியில் அரை அங்குலம் பிளந்துவிடுங்கள். பிளவில் மை நிற்கும். பிளக்காத குச்சி ஒரு புள்ளி வைத்ததும் வறண்டுவிடும்.

சாயத்தொட்டி:

மேலே சொன்னதில் மஞ்சளைச் சாறு வகையில் சேர்த்தது சரி. ஆனால் அது *தண்ணீரில்* கரையாத சாயம், அதனால்தான் அடியில் தங்குது. ஸ்பிரிட்டில் கரையும். ஒரு டீஸ்பூன் மஞ்சளுக்கு மூணு டீஸ்பூன் சர்ஜிகல் ஸ்பிரிட் (ஜெல் இல்லாத தண்ணி சானிடைசரும் சரி), குலுக்கிப் பத்து நிமிஷம் விடுங்க. மேலே தெளிஞ்சு நிக்கிற மஞ்சளை மட்டும் எடுங்க. தாளுக்குள்ளேயே இறங்கிடும், உதிர ஒண்ணுமில்லை. பரவும் தன்மை ஜாஸ்தி, அதனால கோடு போட ஆகாது. கொன்றை, சூரியகாந்தி மாதிரி பூவுக்கு அகலமாப் பூச நல்லது. ஜன்னலைத் திறந்து வெச்சு, பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி எதுவும் இல்லாம பெரியவங்கதான் கலக்கணும்.

அது காய்ஞ்சப்புறம்தான் வேடிக்கை. ஆரத்திக் கரைசல்ல மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்குதே, அதே வேலை. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கடலை அளவு, அரை டம்ளர் தண்ணி, தெளியவிட்டு மேல்நீரை ஈர்க்குச்சியில தொட்டு மஞ்சள் இதழ் மேல நரம்பு இழுங்க. கோடு போற இடமெல்லாம் செங்காவியா மாறும். ஆப்பசோடாவும் மாத்தும், ஆனா ஆரஞ்சோட நின்னுடும். சலவை சோடா ரெண்டுக்கும் நடுவுல. சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து, தெளிஞ்ச நீரை மட்டும் பிள்ளைங்க கையில குடுங்க. வெயில் விழற சுவர்ல மட்டும் மஞ்சள் படத்தை மாட்டாதீங்க, சீக்கிரம் வெளுத்துடும்.

சங்குப்பூ நீலத்துக்குத் திரும்புறதுக்குக் காரணம் உங்க தாள். இப்ப வர்ற வெள்ளைத் தாள் பெரும்பாலானதுல சுண்ணாம்புக்கல் மாவு நிரப்பியிருப்பாங்க. அது எலுமிச்சைப் புளிப்பைத் தின்னுடுது, புளிப்பு போனதும் நிறமும் போயிடுது. செம்பருத்தி இதழைத் தாள்ல நேரா தேய்ச்சா சிவப்பு வராம கருநீலம் வர்றதுலயும் இதுக்குப் பங்கு உண்டு. வழி: படிகாரம் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணி ஒரு கப், தாள் முழுக்க ஒரு தடவை பூசிக் காயவெச்சு அப்புறம் வரைங்க. ஊதா நல்லாவே தங்கும். பல வருஷத்துக்கு வெச்சிருக்க வேண்டிய படம்னா படிகாரம் வேண்டாம், தாள் மஞ்சளாகி நொறுங்கும். ரெண்டு மாசத்துக்குக் கவலையில்லை. சாறு: காய்ஞ்ச சங்குப்பூ 20, கால் கப் கொதிநீர், பத்து நிமிஷம். முதல் பூச்சு வெளிர்நீலமாத்தான் இருக்கும். காயவிட்டு மூணு பூச்சு கொடுங்க.

பீட்ரூட்டை விட்டுடுங்க. சூடு, வெளிச்சம் எதையும் தாங்காது. உப்பு, வினிகர்னு என்ன போட்டாலும் நாளைத் தள்ளலாமே தவிர நிறுத்த முடியாது. ரோஸ் நிறம் கட்டாயம் வேணும்னா கடைக் குங்குமம் ஒரு சிட்டிகை பிசின் நீர்ல குழைச்சுப் போடுங்க. பலதும் செயற்கைச் சாயம்தான், கை கறையாகும்.

கறுப்புக்குக் கரியை விட நல்லது ஒண்ணு இருக்கு. கடுக்காய்ப் பொடி ஒரு டீஸ்பூன் அரை கப் தண்ணியில அஞ்சு நிமிஷம் கொதிக்கவெச்சு வடிகட்டுங்க. இன்னொரு பாட்டில்ல துருப்பிடிச்ச ஆணி ஒரு கைப்பிடி, மூழ்குற அளவு வினிகர், மூணு நாள். மூடியை இறுக்கக் கூடாது, உள்ள வாயு சேரும். கடுக்காய்த் தண்ணியில பூவை வரைங்க, கண்ணுக்கு லேசான மஞ்சக்கறை மாதிரிதான் தெரியும். காய்ஞ்சதும் ஆணித்தண்ணியை மேல ஓட்டினா வரைஞ்ச கோடு மட்டும் கறுத்து எழும்பும். சாயத்தால படம் வரையற கலம்காரிக்காரங்க சிக்கல்நாயக்கன்பேட்டையிலயும் ஸ்ரீகாளஹஸ்தியிலயும் துணியில பண்றது இதோட சொந்தக்கார முறைதான். அங்க வினிகருக்குப் பதிலா வெல்லமும் இரும்பும் ஊறும். துணியைக் கடுக்காயோட எருமைப்பால்ல நனைச்சுக் காயவைப்பாங்க. பால் கொழுப்பு இருக்கறதால மை பரவாது. நீங்களும் பழைய பருத்தி வேட்டித் துண்டுல செய்யறதா இருந்தா பாலை விட்டுடாதீங்க.

வெண்டைக்காய்_அச்சு:

வரையத் தயங்குற பிள்ளைகளுக்கு அச்சு நல்லது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினா ஐந்து இதழ் தயார். முற்றின காயா எடுங்க, இளசு அழுத்தினா நசுங்கும். வெட்டின பக்கத்தை ஒரு துணி மேல கவிழ்த்துப் பத்து நிமிஷம் வைக்கணும். வழவழப்பு போகாம மையில தொட்டா அச்சு திட்டுத்திட்டா விழும். சாய்வா வெட்டினா பக்கவாட்டுல பார்க்கிற பூ மாதிரி நீளும். ஒரே கொத்துல ரெண்டு விதமும் கலந்து குத்துங்க, இல்லன்னா புடவை பார்டர் மாதிரி ஆயிடும். சோடா பாட்டிலோட அடிப்பகுதியும் ஐந்து மேடுதான், நித்தியகல்யாணிக்கு அப்படியே பொருந்தும். பாகற்காய் வட்டத்துல விதையை எடுத்துட்டா நெளிநெளியான ஓரம் வரும், சாமந்திக்கு ஆகும். அச்சு மை தயிர் பதத்துல கெட்டியா, ஸ்பாஞ்சுல தேய்ச்சு இருக்கணும். கிண்ணத்துல நேரா முக்கினா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும்.

வெள்ளைப் பூவுக்கு ரெண்டு வழி. மெழுகுவர்த்தியைக் கூராச் சீவி வெள்ளைத் தாளில் முல்லை வரைஞ்சு, மேல காபித்தண்ணி பூசுங்க, மெழுகு இருக்கிற இடம் வெள்ளையா நிக்கும். வரையும்போது கோடு தெரியாதுன்னு பிள்ளைங்க திணறுவாங்க, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சா பளபளப்பு தெரியும். ரெண்டாவது, பழுப்பு அட்டைப்பெட்டி மேல சாக்பீஸ் பொடியும் பிசின் நீரும். ஈரமா இருக்கும்போது ஒண்ணுமே தெரியாது, காய்ஞ்சாத்தான் வெளுக்கும். தெரியலையேன்னு மேல மேல பூசினா வெடிச்சு உதிரும். முகப்பவுடர் இன்னும் மோசம், அதை நம்பாதீங்க.

நூல் பூவும் சேர்த்துக்கோங்க. பூக்கட்டுற பருத்தி நூல் ஒன்றரை அடி, காபி மையில நனைச்சு, மடிச்ச தாளுக்குள்ள சுருட்டி வெச்சு, நூல் நுனி வெளியே நீட்டியிருக்க, மேல கனமான புத்தகத்தை அழுத்திக்கிட்டே இழுங்க. குழல் பூ மாதிரி உருவம் விழும். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர், மை குடிக்காது.

வண்ணக்கிண்ணம்:

மூவருக்கும் நன்றி. காபியின் அளவு யாரும் சொல்லவில்லையே? கெட்டியாகப் போட்டால் பிசுபிசுப்பு போகவே மாட்டேன் என்கிறது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

ஈர்க்குச்சி:

இன்ஸ்டன்ட் காபி 1 டீஸ்பூனுக்கு அதே அளவு தண்ணீர் விட்டால் அடர்நிறம், 4 விட்டால் நடுத்தரம், 10 விட்டால் வெளிர்நிறம். அடர்நிறத்தை அகலமாகப் பூசவே கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைநாளில் திரும்ப நெகிழும். மெல்லிய பூச்சு நாலைந்து போட்டு அடர்த்தியை ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. ஃபில்டர் டிகாஷன் போடுவதானால் சிக்கரி இல்லாத தூள். சிக்கரியில் இனிப்புச் சத்து அதிகம், அதுவும் பிசுபிசுக்கும். சர்க்கரை கலந்தது எறும்புக்கு விருந்து.

காபியில் ஒரு இலவச உதவியும் உண்டு. நடுத்தர நீரை இதழுக்குள் ததும்பத் தேக்கி, பலகையை மட்டமாக வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுக் காயவிடுங்கள். நீர் ஓரத்தில் வேகமாக ஆவியாவதால் நடுவிலிருக்கும் துகள்கள் ஓரத்துக்கு இழுபட்டு அங்கே தங்கும். இதழுக்கு மயிரிழைத் தடிமனில் கருங்கோடு தானாக விழும், உள்ளே நிறம் வெளிறி இருக்கும். பலகை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் தடிக்கும். கோடு வேண்டாமென்றால் தேங்கிய நீரைத் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

சாயத்தொட்டி:

ஒண்ணு விட்டுப்போச்சு. சாறு எல்லாம் ஒருநாள் சரக்கு. மீந்தா ஃப்ரிட்ஜ்ல மூணு நாள், அதுக்கு மேல பூஞ்சை. பிசின் நீருக்கு ரெண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டா தாங்கும். மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க: எல்லா நிறத்தையும் ஒரு பட்டையில தீற்றி, பாதியை அட்டையால மூடி, வெயில் விழற ஜன்னல்ல ஒரு வாரம். மூடின பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, மோசமா போனதை உள்சுவருக்கு மாத்துங்க. அடுக்கும்போது நடுவுல பட்டர் பேப்பர். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும்.