பாமினி, பேஜ்மேக்கரிலேயே ஊறியவர்களுக்கு ஸ்கிரைபஸ் பழக்குவது எப்படி?

கடலோரன் (கேள்வி):
மட்டக்களப்புப் பக்கத்துச் சிறு பத்திரிகைகளில் வேலை செய்யும் 15 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி. எல்லோரும் தட்டச்சுக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு, பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கர் 7. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், இணையத்தளம் நடத்த வேர்ட்பிரஸ் என்ற திறந்த மூல மென்பொருள்களைப் பழக்க வேண்டும். திறந்த மூல மென்பொருள் இலவசம் என்றால், "இப்ப பாவிக்கிறதுக்கும் நாங்க காசு குடுக்கல்லையே" என்று சிரிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

அச்சுமை:
சிரிப்பில் நியாயம் இருக்கிறது. திருட்டுப் பிரதி காசு கேட்பதில்லை. விலைப் பேச்சை விட்டுவிட்டு, இரட்டை வேலையைக் காட்டுங்கள். பேஜ்மேக்கருக்கு யுனிகோட் (இணையத்தில் இன்று பொதுவாகப் பாவிக்கும் எழுத்துக் குறிமுறை) தெரியாது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அச்சுக்குப் பாமினியில் அடித்த செய்தியை இணையத்துக்காக மாற்றி, மறுபடி பிழை திருத்த வேண்டியிருக்கிறது. யுனிகோடில் அடித்தால் ஒருதரம் போதும்.

முதல் நாள் காலையில் ஸ்கிரைபஸைத் திறக்கவே வேண்டாம். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவி, அதில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கள். விரல் பழகிய விசைகளிலேயே யுனிகோட் வரும். தமிழ்99 விசைப்பலகை நல்லதுதான், ஆனால் இரண்டு நாளில் அதைத் திணித்தால் மூன்றாம் நாளே பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள்.

நெடுவரி:
ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்குப் பிந்தியதை மட்டும் நிறுவுங்கள். பழைய 1.4இல் "கெ" எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதை ஒருதரம் பார்த்தவர் மென்பொருளைத் திரும்பத் தொடமாட்டார். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போதும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். டேப்ளாய்ட் பக்கத்தில் ஐந்து பத்தி போட்டு இருபுறமும் சீராக்கினால் வரிகளில் ஓட்டை விழும். நான்கு பத்தியாக்குங்கள். எழுத்தை இழுத்துச் சுருக்கும் அளவை 98 முதல் 102 சதவீதத்துக்குள் வையுங்கள்; தாண்டினால் எழுத்து கோணலாகத் தெரியும்.

அச்சகம்தான் உண்மையான இடறல். பேஜ்மேக்கர் கோப்புத்தான் வேண்டும் என்பார்கள், பிடிஎஃப் கொடுங்கள். எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டும் 100 சதவீதமாக இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பென்றால், தகடு சற்று விலகினாலே எழுத்தில் நிழல் விழும். படங்கள் அச்சாகும் அளவில் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி). அச்சகத்துக் கணினியில் எழுத்து உடைந்தால், ஏற்றுமதியின்போது எழுத்துருவை வெளிக்கோடாக மாற்றி அனுப்புங்கள். முழு இதழுக்கு முன் ஒரு பக்கத்தைச் சோதனையாக அடித்துப் பார்க்க வேண்டும்.

ஓலைச்சுருள்:
பழைய இதழ்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாமினியை யுனிகோடாக்கும் வசதி உண்டு. இரண்டு வில்லங்கம். செய்திக்கு நடுவிலுள்ள ஆங்கிலப் பெயர்களையும் பாமினி என்றெண்ணி மாற்றிவிடும். வாயில் நுழையாத தமிழ் வரும். அடுத்தது ஔகாரம். "மௌனம்" என்பது கொம்பும் ளகரமுமாக "மெளனம்" என்று மாறியிருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. கௌரவம், பௌத்தம், பௌர்ணமி எல்லாவற்றையும் தேடித் திருத்துங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.

கடலோரன்:
நன்றி. அப்படியென்றால் வேர்ட்பிரஸை எப்போது எடுப்பது?

அச்சுமை:
இரண்டாம் நாள் பிற்பகல். அதுவும் செய்தி ஏற்றுவது, படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைப்பது, காப்புப் பிரதி எடுப்பது மட்டும். விலை போட்டு விற்கும் தீம்களை (தளத்தின் தோற்ற வடிவமைப்புகளை) "இலவசமாக" இறக்கித் தரும் தளங்களின் பக்கம் போகவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவற்றுக்குள் பின்கதவு (தளத்துக்குள் களவாக நுழையும் வழி) வைத்திருப்பார்கள். காப்புப் பிரதி அதே சேர்வரில் கிடந்தால் சேர்வரோடு போய்விடும். வாரமொருமுறை பென் டிரைவுக்கு இறக்கட்டும்.