4,000 சுற்றில் மட்டும் வரும் கலகல சத்தம்: இன்ஜினைத் திறக்க வேண்டுமா?

கேள்வி
நண்பர்களுக்கு வணக்கம். என்னுடையது ஒற்றை சிலிண்டர் கொண்ட 150 சிசி வண்டி. சில வாரங்களாக, நான்காவது கியரில் 45 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது, தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு சத்தம் எழுகிறது. 55-ஐக் கடந்ததும் அடங்கிவிடுகிறது. பட்டறையில் காட்டியபோது டைமிங் செயின் (இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்க உதவும் செயின்) தேய்ந்துவிட்டதாகச் சொல்லி, அதையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிக் கொடுத்தார்கள். பணம் செலவானதே தவிர சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது கிளட்ச் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில் 1
இப்போதைக்கு எதையும் திறக்க விடாதீர்கள். சத்தம் இன்ஜின் சுற்றைப் பின்தொடர்கிறதா, சக்கரத்தின் வேகத்தைப் பின்தொடர்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்; அதற்கு ஸ்பேனர் தேவையில்லை. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அதே 45 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியதும் சத்தம் வேறு வேகத்துக்கு இடம் மாறினால், அது இன்ஜின் சுற்றோடு வருவது. எந்தக் கியரிலும் 45-இல்தான் வருகிறதென்றால் சக்கரம், பிரேக், செயின் பக்கம் தேடலாம். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அதே சுற்றுக்கு மெல்ல முறுக்குங்கள். சத்தம் வரும்போது கிளட்ச் லிவரைப் பிடித்துப் பாருங்கள். கிளட்சில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் அந்தக் கணமே சத்தத்தின் தன்மை மாறும்.

பதில் 2
மேடு பள்ளத்தில் மட்டும் வரும் சத்தமாக இருந்திருந்தால் கோன் செட்டையும் (ஹேண்டில் பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) முன் டிஸ்க் பிரேக் பேடையும் சந்தேகித்திருப்பேன். முன் பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றால் பேட்தான் ஆடுகிறது என்று பொருள். சாரி கார்டையும் நம்பர் பிளேட்டையும் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

கேட்டவர்
மூன்றாவது கியரில் சத்தம் 35-க்கு அருகிலேயே வந்துவிட்டது. ஐந்தாவதில் 45-இல் வரவில்லை, அதற்கும் மேலே போன பிறகுதான் வந்தது. நியூட்ரலிலும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் தெளிவாகக் கேட்கிறது, கிளட்ச்சைப் பிடித்தாலும் மாற்றமில்லை. சாரி கார்டும் நம்பர் பிளேட்டும் இறுக்கமாகவே உள்ளன. இன்னொன்றையும் கவனித்தேன்: காலையில் வண்டியைக் கிளப்பியதும் சத்தமே இல்லை, நன்கு சூடேறிய பிறகுதான் தொடங்குகிறது.

பதில் 1
கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான தடயம். டென்ஷனர் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதே சத்தம் கேட்கும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி கூடியிருந்தால் ஐடிலிங்கிலேயே டிக் டிக்கென்று வரும். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. 4,000 சுற்றில் கிராங்க் (பிஸ்டனால் சுழலும் தண்டு) நொடிக்கு ஏறத்தாழ 67 முறை சுழல்கிறது. தளர்ந்த ஒரு தகடு இயல்பாக அதிரும் வேகமும் அந்தச் சுழற்சியால் எழும் அதிர்வும் ஒத்துப்போகும்போது தகடு கலகலக்கும். சுற்று கூடியதும் ஒத்திசைவு விலகிச் சத்தம் நின்றுவிடும். சூடேறினால் இறுக்கம் மாறக்கூடிய தகடு எதுவென்று பார்த்தால் சைலன்சர் கார்டுதான் முதலில் நிற்கிறது. ஒருவரைச் சீராக முறுக்கிப் பிடிக்கச் சொல்லி, நீண்ட மரக்குச்சியால் கார்டை ஒவ்வோர் இடமாக அழுத்துங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால், சைலன்சர் ஆறிய பின் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே தடுப்புத் தகடு உடைந்திருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்டவர்
கார்டின் பின் முனையில் குச்சியை வைத்ததும் சத்தம் நின்றது. வண்டி ஆறியதும் கழற்றினேன். பின் போல்ட்டின் கீழிருந்த ஃபைபர் வாஷர் கருகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. கார்டின் விளிம்பு உரசிய இடத்தில் மட்டும் சைலன்சர் குழாயில் பிறை வடிவில் பளபளப்பு ஏறியிருக்கிறது. இவ்வளவு சிறிய பொருளுக்காக டைமிங் செயினை மாற்றியதுதான் வயிற்றெரிச்சல். இப்போதைக்கு ரப்பர் வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கலாமா?

பதில் 3
ரப்பர் வேண்டாம், அந்தச் சூட்டில் உருகி, நாற்றமடித்து, மறுபடியும் தளர்ந்துவிடும். உதிரிபாகக் கடையில் கார்டுக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் வாஷரைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று கருகியிருந்தால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம், சைலன்சரில் பற்றவைத்த நட் பெயர்ந்து வந்துவிடும். ஓரிரு நாள் ஓட்டிய பின், வண்டி ஆறியிருக்கும்போது இறுக்கத்தை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.