பாங்காக்கில் அம்மாவுடன் நான்கு நாள்: மலிவாகவும் ருசியாகவும் எங்கே சாப்பிடுவது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போகிறேன். நான்கு இரவுகள், தங்குவது சீலோம் சாலைப் பக்கம். அம்மா இப்போதே புளிக்காய்ச்சல் கிண்டுவதற்கு நல்லெண்ணெய் வாங்கி வைத்துவிட்டார். அதை எப்படியாவது தடுக்க வேண்டும்.

சென்னையில் ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போன வருடம் இருவரும் போனோம். பில் 2,100 ரூபாய். பச்சைக் குழம்பு என்று வந்தது பாயசம் போல் இனித்தது. அதிலிருந்து அந்த நாட்டுச் சமையலே அப்படித்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் சாதாரணக் கடைகளில் சாப்பிட ஆசை. அம்மா கோழி, மீன் சாப்பிடுவார். பன்றி, மாடு கூடாது. சனிக்கிழமை முழுச் சைவம். எங்களுக்கு மொழி தெரியாது. எந்த மாதிரிக் கடைக்குப் போவது, எப்படிக் கேட்பது?

மாரியம்மன் கோயில் சந்து

தம்பி, சரியான இடத்தில்தான் அறை எடுத்திருக்கிறீர்கள். சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன், கல் வியாபாரம். (கோயிலை இங்கே 'வாட் கேக்' என்பார்கள். டாக்சிக்காரரிடம் அதைச் சொன்னால் போதும்.) மதியச் சாப்பாடு பெரும்பாலும் தெருக்கடையில்தான்.

முதலில் 'காவ் கேங்' கடையைத் தேடுங்கள். 'காவ்' என்றால் சோறு, 'கேங்' என்றால் குழம்பு. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டுகளில் குழம்பும் பொரியலும் ஆறிக்கொண்டிருக்கும். விரலை நீட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். மொழியே தேவையில்லை. ஒரு வகை என்றால் 50 பாட், இரண்டு என்றால் 60 பாட் என்று எங்கள் தெருவில் கொடுக்கிறேன். விடியற்காலையில் சமைத்தது மதியம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும், ஆகவே பதினோரு மணிக்கே போய்விடுங்கள். சாயங்காலம் போனால் கழுவிக் கவிழ்த்த தட்டுகளைத்தான் பார்க்கலாம்.

குழம்பு ஆறியிருக்கிறதே என்று அம்மா முகம் சுளிப்பார். சோறு சுடச்சுட வரும், சமாளித்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு நான் சொல்வது 'கேங் ஸோம்'. தேங்காய்ப்பால் கிடையாது. புளி, மிளகாய், இறால் விழுது, மீன். சில நாள் அகத்திப் பூ போட்டிருப்பார்கள், சில நாள் முருங்கைக்காய். நம் வீட்டு மீன்குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. பச்சைக் குழம்பையும் ஒதுக்கிவிட வேண்டாம். 'கேங் கியாவ் வான்' என்ற பெயரில் 'வான்' என்றால் இனிப்புதான், ஆனாலும் நல்ல கடையில் பாயசம் போல் இருக்காது. அதில் உருண்டையாக மிதப்பது சுண்டைக்காய். இலை, நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம். சூப்பில் வட்டமாகக் கிடக்கும் வேர், சளிக்கு அம்மா இடித்துக் கொடுப்பாரே, அந்த அரத்தையின் வகை. மென்று விழுங்காதீர்கள், ஓரமாக ஒதுக்க வேண்டும். நான் முதல் மாதம் முழுக்க மென்றேன்.

இரண்டாவது வகை, கேட்டதைச் சட்டியில் வதக்கித் தரும் கடை. அங்கே 'பத் கப்ராவ்' கேளுங்கள். கொத்திய கறியைப் பூண்டு, மிளகாயோடு பெரிய தீயில் புரட்டி, கடைசியில் ஒரு கை துளசி போடுவார்கள். ஆமாம், துளசிதான். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் குடித்த வாசம் கோழிக்கறியில் வரும்போது எனக்கு முதலில் கொஞ்சம் குற்ற உணர்வாகவே இருந்தது. சோற்றின் மேல் ஓரம் மொறுமொறுவென்று பொரித்த முட்டை கட்டாயம் வேண்டும், 10 பாட் கூடுதல்.

இதில் ஒரு வம்பு உண்டு. கோழியும் 'கை', முட்டையும் 'கை'. அவர்கள் காதுக்கு இரண்டும் வேறு, நம் நாக்குக்கு ஒன்று. கோழி வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்று முதல் வருடம் ஒரு கடையில் படாத பாடுபட்டேன். இரட்டிப்புக் கோழி வந்தது. பொரித்த முட்டைக்கு 'கை தாவ்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பன்றி வேண்டாம் என்பதற்கு 'மை ஆவ் மூ', மாடு வேண்டாம் என்பதற்கு 'மை ஆவ் நுவா'. ஆனால் நூடுல்ஸ் கடையில் இது செல்லாது. மேலே கோழி போட்டாலும் அடியில் இருக்கும் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் கொதித்தது. படகு நூடுல்ஸ் என்று சின்னக் கிண்ணங்களில் கிடைப்பதில் ரத்தமே கலப்பார்கள். வதக்கும் கடையிலும் சட்டி ஒன்றுதான். அம்மாவுக்கு அது உறுத்தும் என்றால் ஹலால் பலகை உள்ள கடைக்குப் போய் 'காவ் மோக் கை' கேளுங்கள். மஞ்சள் சோற்றில் கோழி புதைந்திருக்கும், பிரியாணியின் உறவு.

காரம் குறைய 'பெத் நித் நோய்'. எங்கள் தெருக் கடைக்கார அம்மாளை எல்லோரும் 'பா' என்று கூப்பிடுவோம், அத்தை மாதிரி. வெளிநாட்டு முகத்தைப் பார்த்தால் சொல்லாமலே காரத்தைக் குறைத்துவிடுவார். நான் அவரிடம் முழுக் காரம் வாங்க மூன்று மாதம் ஆயிற்று.

மயிலாப்பூர் மாமி

சனிக்கிழமைக்கு நான் சொல்கிறேன், பத்து நாள் சைவமாகவே இருந்துவிட்டு வந்தவள். மஞ்சள் பலகையில் சிவப்பாக 17 என்று எழுதியது போல் ஓர் எழுத்து இருக்கும், படித்தால் 'ஜே'. அந்தக் கடையில் மீன் சாறும் கிடையாது, முட்டையும் கிடையாது. பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது, எங்கள் மாமியாரே சாப்பிடலாம். சாதாரணக் கடையில் வெறும் காய்கறி வதக்கல் என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. 'மை ஸாய் நாம் ப்லா' என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் கரண்டியில் ஒட்டியிருப்பதற்கு யார் பொறுப்பு?

ஜே கடையில் பன்றித் துண்டு போலவே ஒன்று கிடக்கும். சோயாவிலோ கோதுமையிலோ செய்தது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அண்ணாநகர் ரகு

வயதானவரை வைத்துக்கொண்டு தெருவோரத்தில் எதற்கு? அசோக் ரயில் நிலையத்தை ஒட்டி டெர்மினல் 21 வணிக வளாகம் இருக்கிறது. மேல்மாடியில் உணவுக்கூடம், குளிர்சாதன வசதி, சுத்தமான கழிப்பறை. கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு வேண்டிய கடையில் வாங்கலாம், மீதியைத் திருப்பித் தருவார்கள். விலையும் தெருக்கடை அளவுதான்.

மாரியம்மன் கோயில் சந்து

ரகு சொல்வது சரி, முதல் நாள் அங்கேயே போங்கள். பெயர்களும் படங்களும் பழகிவிடும். மறுநாள் எங்கள் தெருவுக்கு வாருங்கள். கரண்டி வலக்கையில், முள்கரண்டி இடக்கையில். முள்கரண்டி சோற்றைத் தள்ள மட்டும், வாயில் வைப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். துளசிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சுண்டைக்காய் பச்சையா, வற்றலா என்று மட்டும் கேட்கிறார்.

மாரியம்மன் கோயில் சந்து

பச்சை. தட்டக்கூட மாட்டார்கள், முழுதாகவே குழம்பில் போடுவார்கள். நறுக்கென்று கடிபடும். புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில் இருக்கட்டும், எனக்கு.